மிளகு பெண், சாதிக்காய் ஆண்

ஹிந்தி தெரியுமா என்று முதலாளி என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன். அவர் சொன்னது வேறு.

"ஒங்களுக்கு ஹிந்தி வரும் தானே, தங்கச்சி. நீங்க இந்திய ஆக்கள் தானே."

இதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் வாய் "வரும் முதலாளி" என்று சொல்லிவிட்டது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு வேலை கிடைத்தது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் ஸ்பைஸ் கார்டன் என்று போர்டு மாட்டிய தோட்டங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்களை வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒருவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், இது மிளகு, இது ஏலம், இது கறுவா என்று முக்கால் மணித்தியாலம் காட்டி, கடைசியில் எண்ணெயும் தூளும் களிம்பும் விற்கிற கடைக்குள் கொண்டுபோய் விடுவார். அந்த ஒருவர்தான் கைட். முன்பு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், பிறகு ரஷ்யாக்காரர்கள். இப்போது வேன் கதவைத் திறந்தால் இந்தியக் குடும்பங்கள் இறங்குகின்றன. முதலாளி டவுனில் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்தவர். ஹிந்திப் படம் ஒன்றையும் விடமாட்டார், அதில் ஒரு வசனமும் அவருக்கு விளங்காது.

நான் ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் நான் தைத்த கார்மெண்ட் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார், மாதம் ஒருதரம் வருவார். ஏஜென்சிக்காரர் குவைத்தில் வீட்டு வேலைக்கு ஒரு விண்ணப்பப் பாரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது எங்கள் உக்குவளை வீட்டில் மாதாவின் படத்துக்குப் பின்னால் சொருகி இருந்தது. மகளுக்குப் பதினைந்து வயது, அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை. இந்த வேலை போனால் நான் அந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

குவைத் எப்படி என்று தெரிந்துகொள்ள நான் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்கா அங்கே பதினொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். நல்ல வீடு கட்டியிருக்கிறாள். அவளுடைய மகன் அவளிடம் "சாப்பிட்டீங்களா, வெளிய போறீங்களா" என்று மரியாதையாகப் பேசுவான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அம்மாவை நீ என்றுதான் சொல்லும். அந்தப் பையன் அவளிடம் பேசுவது வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

உக்குவளையில் எனக்குத் தெரிந்து ஹிந்தி பேசுகிற ஒரே ஆளும் அந்த அக்காதான். வேலையில் சேர எனக்கு மூன்று வாரம் தவணை இருந்தது. பின்னேரங்களில் அவள் ரொட்டி தட்டுகிற நேரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஹிந்தி ஒண்ணும் இல்ல புள்ள," என்றாள். "தமிழ்ல நினைச்சி, அரபில கோவிச்சி, கடைசில ஒரு 'ஹை' போட்டா முடிஞ்சிச்சி."

மூன்று வாரத்தில் அவளிடம் இருந்த ஹிந்தி முழுவதையும் வாங்கிவிட்டேன். நான் காட்டுகிறேன், நான் சொல்கிறேன், நான் உடைக்கிறேன், மணந்து பாருங்கள், பின்னால் வாருங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்கு ஒரு பட்டி கொடுத்தார். சட்டையில் குத்துகிற வெள்ளைப் பிளாஸ்டிக். அதில் சிவப்பு ஸ்டிக்கர் எழுத்தில், ஆங்கிலத்தில், இந்தியன் கைட் என்று ஒட்டியிருந்தது. தானே உட்கார்ந்து ஒட்டினதாகச் சொன்னார். எழுத்துகள் நேராகத்தான் இருந்தன.

முதல் குடும்பம் ஜெய்ப்பூரிலிருந்து வந்தது. நான் ஏலச் செடிக்குப் பக்கத்தில் நின்று, நான் இப்போது காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். இரண்டு பெண் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. மிளகுக் கொடிக்கு வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டன. கறுவாப் பட்டையை உரித்தபோது தாயும் சேர்ந்து சிரித்தாள். பிறகு நல்ல மனுஷியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், நீங்கள் ஆம்பிளை மாதிரிப் பேசுகிறீர்கள் என்றாள். குரலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஹிந்தியில் நான் சொல்கிறேன் என்று ஆண் சொல்வது ஒரு விதம், பெண் சொல்வது வேறு விதம். நான் முக்கால் மணித்தியாலம் ஆணாக நின்று மிளகைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"ஜோக் எல்லாம் சொல்றீங்க போல," என்றார் முதலாளி, கடை வாசலில் நின்று. அவர் முகத்தில் பெருமை. நான் மறுக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"பதினொரு வருஷம் நான் அப்பிடித்தானே பேசினேன்," என்றாள். "ஒருத்தியும் சொல்லலியே."

"ஏன் சொல்லல?"

"நான் ஹிந்தி பேசினது டிரைவர்கிட்டயும் கடைக்காரன்கிட்டயும் தானே. அவங்க பேசினத புடிச்சிக்கிட்டேன். பொம்பளைங்ககிட்ட பேசுறதுக்கு எங்க வெளிய விட்டாங்க?"

மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தாள். நான் ரொட்டி சாப்பிடாமல் வந்துவிட்டேன். அன்றிரவே போனில் ஒரு ஹிந்திப் பாடத்தை இறக்கி, மகளின் பழைய கணிதக் கொப்பியில் மீதமிருந்த தாள்களைக் கிழித்துத் தைத்து, படிக்க உட்கார்ந்தேன்.

ஆண் பேச்சைப் பெண் பேச்சாக்குவது ஒரு வாரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. ஹிந்தியில் மனுஷர் மட்டுமல்ல, சாமான்களும் ஆணாக அல்லது பெண்ணாக இருக்க வேண்டும். தமிழில் இந்தப் பிரச்சினை இல்லை. மேசை அது, நாற்காலி அது, இடியப்ப உரல் அது. அதுவும் இதுவும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஹிந்தியில் நாற்காலி பெண். கதவு ஆண். ஜன்னல் பெண். நல்ல நாற்காலி என்பதற்கு ஒரு நல்ல, நல்ல கதவு என்பதற்கு வேறு ஒரு நல்ல. நடுவில் நிற்க இடம் கிடையாது.

கொப்பியின் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் ஆண், வலது பக்கம் பெண். முதலில் தொழிலுக்கு வேண்டியதை எழுதினேன். மிளகு பெண், ஏலம் பெண், கராம்பு பெண், கறுவா பெண், மஞ்சள் பெண். தோட்டம் முழுக்கப் பெண்கள் என்று சந்தோஷப்பட்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெண்ணாக்கிவிடலாம் என்று இருந்த நேரத்தில் சாதிக்காய் குறுக்கே வந்தது. சாதிக்காய் ஆண். அதன் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஒட்டியிருக்கிற வசவாசி பெண். ஒரே காய்க்குள் இருவர். இதில் இன்னொன்று, சாதிக்காய் மரத்திலேயே ஆண் மரம் பெண் மரம் உண்டு. காய்க்கிறது பெண் மரம். அதில் காய்க்கிற காய் ஆண். தோட்டக்காரருக்கு இதைச் சொன்னேன். அவர் வில்கமுவப் பக்கத்துச் சிங்களவர், ஐம்பது வருஷமாக மரத்தோடு இருக்கிறவர். ஹிந்தி பேசுகிறவர்கள் சாதிக்காய் பயிரிடுவதில்லை போல என்றார்.

பிறகு வீட்டுச் சாமான்களுக்கு வந்தேன். சேலை பெண், நியாயம். அதற்குப் போடுகிற பிளவுஸ் ஆண். மீசை பெண். தாடியும் பெண். பொலிஸ் பெண். இராணுவம் பெண். 'ஈ' என்று முடிந்தால் பெண் என்று ஒரு விதி இருக்கிறது என்று போன் சொன்னது. அதை நம்பித் தண்ணீரைப் பெண் என்றேன். பிழை என்று சிவப்பில் காட்டியது. பானி என்று 'ஈ'யில் முடிந்தாலும் தண்ணீர் ஆணாம். ஏன் என்று கேட்க அந்தப் போனில் இடமில்லை. தேயிலை பெண் என்று பார்த்தபோது மட்டும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் பரம்பரையில் கொழுந்து எடுத்தவர்கள் எல்லாரும் பெண்கள்தான், அந்த ஒன்றை யாரோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மகள் என் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, மேசைக்கு இது தெரியுமா?"

"மேசைகிட்ட யார் கேட்டாங்க," என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. அவர் உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினவர். மாத்தளையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் இங்கேதான் பிறந்தார். அதற்கு முன்னால் திருச்சிப் பக்கம் என்று ஒரு பேச்சு மட்டும் இருந்தது, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார். ஆனால் என் பிறப்புப் பத்திரத்தில் இனம் என்கிற இடத்தில் இந்தியத் தமிழ் என்று இருந்தது. அதில் இந்திய என்பதை எடுக்க வேண்டும் என்று அப்பா பிறப்புப் பதிவு செய்கிற கந்தோருக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார், என்னைப் பார்த்தால் அவர்களுக்கு விளங்கும் என்று நினைத்தாரோ என்னவோ. வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை. அப்பாவை உட்காரச் சொன்னார். அந்த இடத்தை வெறுமையாக விட ஏலாது, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், இருக்கிறதை மாற்ற வழி இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா சரி ஐயா என்று எழுந்தார். வருகிற வழியில் எனக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தார். அவர் செத்த பிறகு வந்த மரணப் பத்திரத்திலும் அந்தச் சொல் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் நாலு நாள் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

அதனால் ஹிந்தியைப் படிக்க எனக்கு ஒரு பழக்கம் ஏற்கெனவே இருந்தது. யாரோ எப்போதோ எழுதிவிட்டார்கள், காரணம் கேட்காமல் பாடமாக்க வேண்டும். பஸ்ஸில் பாடமாக்கினேன். கறி கிளறும்போது பாடமாக்கினேன். கோயிலில் பிரசங்கத்தின்போதும் கொஞ்சம் பாடமாக்கினேன். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் போகவில்லை. ஒரு பொய் சொன்னேன் என்று சொல்லலாம். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை சட்டையில் குத்திக்கொண்டு திரிகிற பொய்யை எத்தனை தடவை என்று சொல்வது?

நாலைந்து மாதத்தில் நன்றாகவே வந்தது. ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் வரும் வழியில் வாங்கின எருமைத் தயிர்ச் சட்டியோடு இறங்கினார்கள். தயிர் புளிப்பு என்று கணவன் சொன்னார், ஆணாக. அவர் லக்னோ. புளிப்பு இல்லை என்று மனைவி சொன்னாள், பெண்ணாக. அவள் டில்லி. தயிர் ஆணா பெண்ணா என்று அவர்கள் வெனிலாக் கொடி வரைக்கும் சண்டை போட்டார்கள். பிறகு இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். எங்கள் ஊரில் தயிர் அது என்றேன். அவர்களுக்குப் பாவமாக இருந்தது போல, இரண்டு போத்தல் எண்ணெய் கூடுதலாக வாங்கினார்கள். அந்த மொழியின் சொந்தக்காரர்களே ஒன்றை ஆண் என்றும் பெண் என்றும் சொல்லலாம் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு வாரம் நல்ல நித்திரை வந்தது.

முதலாளி வேன் டிரைவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தார், என் கார்டன்ல அசல் இந்திய கைட் இருக்கு என்று. அதன் பலனாக ஒரு நாள் பஸ் ஒன்று வந்தது. இருபதுக்கு மேலே ஆட்கள், எல்லாரும் வயசானவர்கள். முன்னால் கைத்தடியோடு இறங்கின அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். என்ன படிப்பித்தவர் என்று கேட்டேன். ஹிந்தி என்றார். முதலாளி அன்றைக்கென்று பஸ் வந்த சந்தோஷத்தில் நானும் வாறேன் என்று கூடவே நடந்தார்.

டீச்சரம்மா கொப்பி திருத்துகிற மாதிரியே நடந்தார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார், சரியான சொல்லைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், எல்லாரும் நடப்போம். மழை, இலை, வேலி, பாதை என்று பிழைகள் வந்தன. அவர் அதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முதலாளி இதை இரண்டு இந்தியர்கள் ஊர்க்கதை பேசுவதாக நினைத்து நடு நடுவே தலையாட்டினார். சாதிக்காய் மரத்தடியில் காயைப் பிளந்து, கொட்டையை ஆணாகவும் வசவாசியைப் பெண்ணாகவும் சொன்னேன். தடி தட்டவில்லை. எனக்குப் பரீட்சையில் முதல் கேள்வி சரி வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் முதலாளி முன்னால் வந்து, ஆங்கிலத்தில், இவர் இந்தியர், மேடம் என்றார்.

"அப்படியா," என்றார் டீச்சரம்மா, அவரும் ஆங்கிலத்தில். "இந்தியாவில் எந்த ஊர்?"

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார், ஆசையாக. திருச்சி என்று சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்கூட இல்லை. சொன்னால் மகள் பரீட்சை எழுதும்வரை நான் வீட்டில் இருப்பேன், சொல்லாவிட்டால் மாதா படத்துக்குப் பின்னால் பாரம் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாதமாக ஒவ்வொரு சாமானையும் யாரோ சொன்ன பக்கத்தில் எழுதி எழுதி எனக்குக் கை வலித்திருந்தது. என்னையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

"மே உக்குவளை கீ ஹூம்," என்றேன். நான் உக்குவளைக்காரி என்று ஹிந்தியில்.

தடி தட்டவில்லை.

"உக்குவளை எந்த மாநிலம்?" என்று கேட்டார்.

"மாத்தளை, மேடம்."

"அப்பா?"

"அவரும் மாத்தளை. தாத்தாவும் இங்கதான்."

"பிறகு ஹிந்தி எங்கே படித்தாய்?"

"இங்கேயே. ஆறு மாதம்."

கடைசிப் பதிலை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், முதலாளிக்கும் விளங்கட்டும் என்று. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் என்பது அவருக்குத் தெரியும். அவர் அதற்குப் பிறகு தலையாட்டவில்லை.

நான் மீதித் தோட்டத்தையும் காட்டி முடித்து, அவர்களைக் கடைக்குள் விட்டேன். பஸ் ஏறும்போது டீச்சரம்மா முதலாளியிடம் எதையோ சொல்லிவிட்டுப் போனார். பஸ் போனதும் முதலாளி என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டே போனேன்.

"அப்ப நீங்க இந்திய ஆக்கள் இல்லயா?"

ஐம்பத்தைந்து வயசு மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி ஆச்சரியப்பட்டுக் கேட்டார். என் வாழ்க்கையில் இதை ஒரு கேள்வியாக என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"இல்ல முதலாளி. நான் உக்குவளை."

"அப்ப ஏன் எல்லாரும் அப்பிடிச் சொல்ற?"

"பத்திரத்துல அப்பிடி எழுதிட்டாங்க."

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்ப ஹிந்தி?"

"பொய் சொன்னேன் முதலாளி. வேலை வேணும்னு சொன்னேன். மன்னிச்சிக்கங்க."

"அந்த டீச்சர் ஒங்களுக்கு மார்க் போட்டுட்டுப் போற. நூத்துக்கு அறுபத்திரெண்டாம்." மறுபடி யோசித்தார். "அறுபத்திரெண்டுண்டா பாஸ் தானே."

நான் கைப்பையை மேசையில் வைத்தேன்.

"அந்தப் பட்டியத் தாங்க," என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து, சரக்குப் பைகளை வெட்டுகிற பிளேடை எடுத்தார். பட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். ஒட்டின கை என்பதால் எங்கே சுரண்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. சிவப்புத் துண்டுகள் மேசையில் விழுந்தன. ஊதிவிட்டு, பட்டியை என்னிடம் நீட்டினார்.

"பொய்ய எழுதிப் போட்டுக்கிட்டு நிண்டா நாளைக்கி யாரும் முறைப்பாடு பண்ணினாக் கரச்சல்," என்றார். "நாளைக்கி எட்டு மணிக்கு வாங்க. ஹிந்திய விட்டுடாதீங்க."

கைட் என்ற சொல் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அப்பா மூன்று தடவை கந்தோருக்குப் போய் எடுக்க முடியாத சொல்லை இந்த மனுஷர் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டார், அதுவும் முறைப்பாட்டுக்குப் பயந்து. அப்பா இருந்திருந்தால் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். பஸ்ஸில் உக்குவளை வரும்வரை அந்தப் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சுரண்டின இடத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். பசை இன்னும் கொஞ்சம் ஒட்டியது.